போர்ட் கவுண்டர்களை வாசிப்பது எப்படி? மதுரைக் கடைகளிலும் அலுவலகங்களிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேனேஜ்டு சுவிட்சை (பிரவுசர் வழியாக உள்ளே நுழைந்து பார்க்கவும் மாற்றவும் வசதியுள்ள நெட்வொர்க் சுவிட்சை) வாங்கி ரேக்கில் பொருத்திய பிறகு, அதற்குள் நுழைந்து பார்ப்பவர்கள் மிகவும் குறைவு. வடபழஞ்சியிலும் இலந்தைக்குளத்திலும் உள்ள எல்காட் ஐ.டி. பூங்காக்களில் இயங்கும் நிறுவனங்கள் இதற்கென்றே ஆள் வைத்திருக்கும். விளக்குத்தூண் பக்கத்துத் துணிக்கடைக்கோ, கே.புதூரில் உள்ள ஆடிட்டர் அலுவலகத்துக்கோ, கப்பலூர் தொழிற்பேட்டைப் பட்டறைக்கோ அந்த வசதி கிடையாது. "நெட் ஸ்லோவாக இருக்கிறது" என்று அழைப்பு வந்து நான் போய் நிற்கும்போது, ரேக் கதவைத் திறந்து பச்சை விளக்குகளைக் காட்டி, "எல்லாம் சிமிட்டிக்கொண்டுதானே இருக்கிறது?" என்பார்கள். விளக்கு சிமிட்டினால் ஏதோ போகிறது, வருகிறது என்று மட்டுமே பொருள். எவ்வளவு போகிறது, அதில் எவ்வளவு கெட்டுப்போகிறது என்பதைச் சுவிட்சுக்குள் இருக்கும் கவுண்டர்கள்தான் சொல்லும். அந்த வாடிக்கையாளர்களும், என்னிடம் வேலை பழகும் தம்பிகளும் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை.

போர்ட் புள்ளிவிவரம் என்பது என்ன, அதை எங்கே பார்ப்பது?

சுவிட்சின் ஒவ்வொரு போர்ட்டுக்கும், அதாவது கேபிள் செருகும் ஒவ்வொரு துளைக்கும், ஒரு கவுண்டர் தொகுதி உண்டு. உள்ளே வந்த பைட்டுகள், வெளியே போன பைட்டுகள், பாக்கெட்டுகளின் (தரவுத் துண்டுகளின்) எண்ணிக்கை, அவற்றில் பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் போவது), மல்டிகாஸ்ட் (ஒரு குழுவுக்குப் போவது) எத்தனை, சிஆர்சி பிழையோடு, அதாவது வழியில் கெட்டு, வந்தவை எத்தனை, இடமில்லாமல் கைவிடப்பட்டவை எத்தனை என்று அது எண்ணிக்கொண்டே போகும். பிரவுசரில் சுவிட்சின் ஐபி முகவரியைத் திறந்தால், பெரும்பாலும் 'மானிட்டரிங்' அல்லது 'ஸ்டேட்டஸ்' என்ற பகுதிக்குள் இது இருக்கும்; கமாண்ட் லைன் உள்ள சுவிட்சுகளில் 'ஷோ இன்டர்ஃபேஸ்' வகைக் கட்டளைகள் இதைக் காட்டும். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் பெயரும் இடமும் மாறினாலும், எண்ணப்படுபவை ஏறக்குறைய ஒன்றேதான்.

சாதாரண சுவிட்சில் இதைப் பார்க்க முடியாதா?

முடியாது. அன்மேனேஜ்டு சுவிட்சில் உள்ளே நுழைய வாசலே இல்லை. இணைந்திருக்கும் கணினியின் நெட்வொர்க் கார்டு காட்டும் எண்ணிக்கைகளை மட்டும் பார்க்கலாம்.

'ஆர்எக்ஸ்', 'டிஎக்ஸ்' என்று இரண்டு இருக்கின்றன. எது டவுன்லோடு?

இதில் தடுமாறாதவர்கள் இல்லை. சுவிட்ச் எப்போதும் தன் பக்கத்திலிருந்தே பேசுகிறது. ஆர்எக்ஸ் என்றால் சுவிட்ச் பெற்றது, டிஎக்ஸ் என்றால் சுவிட்ச் அனுப்பியது. ஆகவே பில்லிங் கணினி மாட்டியிருக்கும் போர்ட்டில் டிஎக்ஸ் ஏறினால், அந்தக் கணினி டவுன்லோடு செய்கிறது. இன்டர்நெட் ரவுட்டர் மாட்டியிருக்கும் போர்ட்டில் இது அப்படியே தலைகீழ்: அங்கே ஆர்எக்ஸ்தான் வெளியிலிருந்து நமக்கு வரும் டவுன்லோடு. எந்தப் போர்ட்டில் என்ன மாட்டியிருக்கிறது என்று தெரியாமல் இந்த எண்களைப் படிப்பதில் பயனில்லை. அதனால்தான் ஒவ்வொரு போர்ட்டுக்கும் உரிய விவரக்குறிப்புக் கட்டத்தில் 'பில்லிங் 2', 'மாடி கேமரா', 'ரவுட்டர்' என்று எழுதிவைக்கும்படி வலியுறுத்துகிறேன். இருபத்துநான்கு போர்ட்டுக்கும் எழுத அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தைச் சோம்பலில் விட்டுவிட்டு, பின்னர் ஏணி போட்டுக் கேபிளை இழுத்து இழுத்துத் தேடியவர்களில் நானும் ஒருவன்.

கவுண்டரில் பத்து, பதினொரு இலக்கத்தில் எண் தெரிகிறது. இது அதிகமா, குறைவா?

அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. அது மின் மீட்டரைப் போன்றது. சுவிட்ச் கடைசியாக இயங்கத் தொடங்கியதிலிருந்து, அல்லது யாராவது கவுண்டரை அழித்ததிலிருந்து சேர்ந்துவந்த மொத்தம். மீட்டர் 18,000 யூனிட் காட்டுகிறது என்பதற்காக எவரும் பதறுவதில்லை. போன தடவை எடுத்த கணக்கைக் கழித்துத்தான் கட்டணம் போடுகிறார்கள். இங்கேயும் இரண்டு வாசிப்பு வேண்டும்.

ஒரு திருமண மண்டபத்தில் பதினாறு கேமராக்களும், பதிவு செய்யும் என்விஆர் பெட்டி ஒன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். என்விஆர் மாட்டிய போர்ட்டின் டிஎக்ஸ் பைட்டுகள் காலை 10 மணிக்கு 1,840 கோடி, 10.05 மணிக்கு 2,080 கோடி. வித்தியாசம் 240 கோடி பைட். அதை 300 விநாடிகளால் வகுத்தால் விநாடிக்கு 80 லட்சம் பைட். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால் எட்டால் பெருக்கினால் விநாடிக்கு 6.4 கோடி பிட், அதாவது 64 மெகாபிட். ஒவ்வொரு கேமராவும் 4 மெகாபிட் அனுப்பினால் பதினாறுக்கும் சேர்த்து இதே 64 மெகாபிட்தான் வர வேண்டும் என்பதால் கணக்கு நேராகிறது. அந்த வேகத்தில் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 691 கிகாபைட் அந்த ஒரு போர்ட் வழியாகப் போகும். கிகாபிட் போர்ட்டுக்கு இது ஒரு சுமையே அல்ல. 100 மெகாபிட் போர்ட்டில் மாட்டியிருந்தால் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிவிட்டது, இன்னும் பத்துக் கேமராக்களைச் சேர்த்தால் படம் விட்டு விட்டு வரும்.

எட்டால் பெருக்க மறப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. கவுண்டர் பைட்டில் எண்ணுகிறது, இணைப்பின் வேகம் பிட்டில் சொல்லப்படுகிறது.

சராசரி 12 சதவீதம்தான் காட்டுகிறது. ஆனாலும் பில் போடும்போது ஏன் திணறுகிறது?

ஐந்து நிமிடச் சராசரியை நம்பி ஏமாறுவது இங்கேதான். ஐந்து நிமிடம் என்பது 300 விநாடி. அதில் 36 விநாடி போர்ட் முழுவதும் நிரம்பி வழிந்து, மீதி 264 விநாடி சும்மா கிடந்தாலும் சராசரி 12 சதவீதமே. கடையில் நின்று பில்லுக்காகக் காத்திருக்கும் அம்மாவுக்கு அந்த 36 விநாடிதான் தெரியும்.

இன்னும் நுட்பமான நிலை ஒன்று உண்டு. சர்வர் கிகாபிட் போர்ட்டில் இருக்கிறது, பழைய பில்லிங் கணினி 100 மெகாபிட்டில் இருக்கிறது. சர்வர் ஒரு பெரிய ஃபைலைத் தள்ளும்போது பத்துப் பங்கு வேகத்தில் வருவதை ஒரு பங்கு வேகத்தில்தான் வெளியே விட முடியும்; மிச்சம் போர்ட்டின் பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) தேங்கும். பஃபர் 512 கிலோபைட் என்று வைத்துக்கொண்டால், அது நிரம்ப ஐந்து மில்லிசெகண்டு கூடத் தேவையில்லை. நிரம்பிய பிறகு வருவதைச் சுவிட்ச் கைவிட்டுவிடும். கைவிட்டதை 'டிஸ்கார்டு' அல்லது 'டிராப்' என்ற கவுண்டரில் கூட்டிக்கொள்ளும். எந்த வரைபடத்திலும் சராசரியில் தெரியாத இந்த நெரிசல் அந்தக் கவுண்டரில் தடம் விட்டுப் போயிருக்கும். ஆகவே 'ஸ்லோ' என்ற புகார் வந்தால், நான் சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன்பே வெளிச்செல்லும் டிஸ்கார்டைத்தான் பார்க்கிறேன். தீபாவளிக்கு முந்தைய பதினைந்து நாள்களில், காலையில் ஒரு தடவை, இரவு கடை அடைக்கும்போது ஒரு தடவை அதைக் குறித்துவைத்தால் போதும். எந்தக் கணினியை முதலில் கிகாபிட்டுக்கு மாற்ற வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

டிஸ்கார்டு பிழையாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. பிழை என்பது பாக்கெட் கெட்டு வருவது. டிஸ்கார்டு என்பது நல்ல பாக்கெட்டுக்கு இடமில்லாமல் போவது. முன்னதற்குக் கேபிளைப் பார்க்க வேண்டும், பின்னதற்கு வேகத்தையும் இணைப்பு அமைந்திருக்கும் முறையையும் பார்க்க வேண்டும்.

சிஆர்சி பிழை ஏறிக்கொண்டே இருக்கிறது. சுவிட்சை மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். ஒவ்வொரு ஈதர்நெட் ஃபிரேமின் (கேபிளில் பாக்கெட்டைச் சுமந்துவரும் உறையின்) வாலிலும் நான்கு பைட் சரிபார்ப்பு எண் ஒன்று வருகிறது. பெறும் போர்ட் அதைத் தானும் கணக்கிட்டு ஒப்பிடும். பொருந்தவில்லை என்றால் ஃபிரேமைத் தூக்கி எறிந்துவிட்டுச் சிஆர்சி கவுண்டரில் ஒன்றைக் கூட்டும். ஆகவே பழுது சுவிட்சுக்கு வரும் வழியில்தான் இருக்கும்: சரியாகக் கிரிம்ப் செய்யாத ஆர்ஜே-45 முனை, மடங்கி நசுங்கிய கேபிள், அருகே ஓடும் மின்கம்பி, மறுமுனையில் உள்ள நெட்வொர்க் கார்டு. சுவிட்ச் அனுப்பியது போகும் வழியில் கெட்டதா என்பதை இந்தக் கவுண்டர் சொல்லாது. அதற்கு மறுமுனையின் கவுண்டரையும் பார்க்க வேண்டும்.

மாசி வீதிகளில் ஒன்றில் இருக்கும் மூன்று மாடித் துணிக்கடை ஒன்றில், மேல்மாடிக் கணினி மட்டும் பகலில் திணறும், இரவில் நன்றாக ஓடும். கணினியை மாற்றினார்கள், சுவிட்ச் போர்ட்டை மாற்றினார்கள், பயனில்லை. ஒரு நாள் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து, அந்தப் போர்ட்டின் பக்கத்தைப் பத்து விநாடிக்கு ஒரு தடவை புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். எண் கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு ஐந்தாறு கூடும், மறுபடி நிற்கும். நாலைந்து தடவை பார்த்த பிறகுதான் உறைத்தது: லிஃப்ட் கிளம்பும்போதெல்லாம் எண் கூடுகிறது. சுவரை உடைக்க மனமில்லாமல், லிஃப்ட் மோட்டாருக்குப் போகும் மின்கம்பியோடு ஒரே பிவிசி குழாயில் நெட்வொர்க் கேபிளையும் யாரோ நுழைத்திருந்தார்கள். போதாக்குறைக்கு அது செம்புப் பூச்சு பூசிய அலுமினியக் கேபிள். முழுச் செம்பாலான கேட்-6 கேபிளை எதிர்ச் சுவர் வழியாகக் கொண்டுபோனதும் எண் 1,846-இல் நின்றுவிட்டது.

மறுவாரம் முதலாளி அழைத்து, "தம்பி, இன்னும் 1,846 காட்டுதே" என்றார். காட்டத்தான் செய்யும். நகராத பிழை எண் பழைய கதை. நகரும் எண் மட்டுமே இன்றைய நோய்.

கிகாபிட் சுவிட்ச், கிகாபிட் கணினி. ஆனாலும் போர்ட்டில் 100 மெகாபிட் என்றே காட்டுகிறது. ஏன்?

100 மெகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிகளில் இரண்டு போதும்; கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ அறுந்திருந்தால் இணைப்பு இறங்கி 100-இல் நின்றுகொள்ளும், வேலையும் நடக்கும், யாருக்கும் தெரியாது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே எலி நடமாட்டம் உள்ள இடங்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். கேபிள் டெஸ்டர் வைத்துப் பார்த்தால் இரண்டு நிமிட வேலை.

'லேட் கொலிஷன்' என்று ஒரு கவுண்டர் ஏறுகிறது. அது என்ன?

இன்றைய முழு டூப்ளெக்ஸ் இணைப்பில் மோதலுக்கே இடமில்லை; இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம். அப்படியிருக்க இந்தக் கவுண்டர் ஏறினால், ஒரு முனை முழு டூப்ளெக்ஸிலும் மறுமுனை அரை டூப்ளெக்ஸிலும் இருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். பட்டறைகளில் பழைய சிஎன்சி இயந்திரங்களை '100 முழு டூப்ளெக்ஸ்' என்று கையால் நிறுத்திவைத்திருப்பார்கள்; சுவிட்ச் 'ஆட்டோ'வில் இருக்கும். எதிரே பேச்சுவார்த்தைக்கு ஆளில்லாதபோது சுவிட்சால் வேகத்தைக் கண்டுபிடிக்க முடியும், டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க முடியாது; விதிப்படி அது அரை டூப்ளெக்ஸுக்குப் போய்விடும். பிறகு அரைப் பக்கம் லேட் கொலிஷனும், முழுப் பக்கம் சிஆர்சி பிழையும் சேர்ந்துகொண்டே இருக்கும். இரண்டையும் ஆட்டோவில் வைக்க வேண்டும், அல்லது இரண்டையும் ஒரே மாதிரி கையால் நிறுத்த வேண்டும்.

பிராட்காஸ்ட் எண்ணிக்கை எவ்வளவு இருந்தால் கவலைப்பட வேண்டும்?

இவ்வளவுதான் என்று ஓர் எல்லை கிடையாது. உங்கள் இடத்தில் சாதாரண நாளில் விநாடிக்கு எத்தனை வருகிறது என்பதை முன்கூட்டியே பார்த்துவைத்தால், அது பல மடங்காகும் நாளில் உடனே தெரியும். நாற்பது கணினிகள் உள்ள அலுவலகத்தில் விநாடிக்குச் சில பத்துகள் இயல்பு. ஆயிரக்கணக்கில் ஓடினால் பெரும்பாலும் எங்கோ லூப் (போனதே சுற்றித் திரும்பி வரும் பாதை) விழுந்திருக்கிறது. ஒரு பள்ளியின் கணினி அறையைச் சுத்தம் செய்தவர், தரையில் தொங்கிய கேபிள் முனையைக் கண்டு, அநாதையாகக் கிடக்கிறதே என்று மேசை மேலிருந்த சிறிய சுவிட்சின் காலிப் போர்ட்டில் பொறுப்பாகச் செருகிவிட்டார். அதன் மறுமுனையும் அதே சுவிட்சில்தான் இருந்தது. பள்ளி முழுவதும் நெட்வொர்க் நின்றது. முதன்மைச் சுவிட்சில் பார்த்தால், அந்த அறைக்குப் போகும் போர்ட்டில் மட்டும் பெறப்பட்ட பிராட்காஸ்ட் காற்றாடியாகச் சுற்றியது, மற்றப் போர்ட்டுகளில் அனுப்பிய எண்ணிக்கை அதே வேகத்தில் ஏறியது. வெள்ளம் புகும் வாசல் எது என்பதைப் பெறும் பக்கக் கவுண்டர்தான் காட்டிக்கொடுக்கும். லூப் பாதுகாப்பு, ஸ்டார்ம் கண்ட்ரோல் (பிராட்காஸ்ட் வெள்ளத்துக்கு வரம்பு போடும் வசதி) இரண்டும் உங்கள் சுவிட்சில் இருந்தால் இன்றே இயக்கிவையுங்கள்.

நேற்றைவிட இன்று எண் குறைந்திருக்கிறது. கவுண்டர் எப்படிக் குறையும்?

இரண்டு காரணங்கள். முதலாவது, சுவிட்ச் அணைந்து மறுபடி இயங்கியிருக்கும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் யூபிஎஸ் பேட்டரி தீர்ந்துபோனால் எல்லாக் கவுண்டரும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். சுவிட்ச் எவ்வளவு நேரமாக இயங்குகிறது என்பதை அதே பக்கத்தில் பார்த்தால் விளங்கிவிடும். (அந்த நேரக் கணக்கை எஸ்என்எம்பி, அதாவது சுவிட்சிடம் வெளியிலிருந்து எண்களைக் கேட்டு வாங்கும் நெறிமுறை, வழியாக எடுத்தால் அதுவும் 497 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பும், நம் ஊரில் 497 நாள் அணையாமல் ஓடிய சுவிட்சைக் கண்டால் எனக்குச் சொல்லியனுப்புங்கள்.)

இரண்டாவது, 32 பிட் கவுண்டர் நிரம்பிச் சுற்றியிருக்கும். அதன் கொள்ளளவு சுமார் 429 கோடி பைட். 100 மெகாபிட் போர்ட் முழு வேகத்தில் ஓடினால் ஏறக்குறைய 5 நிமிடம் 43 விநாடியில் சுற்றிவிடும். கிகாபிட் போர்ட்டில் 34 விநாடியே போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மட்டும் பார்க்கும் கருவிக்கு இடையில் எத்தனை சுற்று ஓடியது என்பது தெரியாது. வரைபடம் அழகாக வரும், எண் பொய்யாக இருக்கும். கிகாபிட் போர்ட்டுக்கு 64 பிட் கவுண்டர்களையே படிக்க வேண்டும். எஸ்என்எம்பி முதல் பதிப்பில் அவற்றைப் படிக்க வழியில்லை. 2சி அல்லது 3 வேண்டும்.

தினமும் கையால் குறிக்க முடியாது. தானாகச் சேகரிக்க வழி உண்டா?

உண்டு, அதுவும் இலவசமாக. எஸ்என்எம்பி நெறிமுறை வழியாக, யுடிபி 161-ஆம் போர்ட்டில் (இது கேபிள் செருகும் துளை அல்ல, மென்பொருள் பயன்படுத்தும் ஓர் எண்) சுவிட்சைக் கேட்டு எண்களை வாங்கி வரைபடமாக்கும் மென்பொருள்கள் பல இருக்கின்றன. டோபியாஸ் ஓட்டிகர் எழுதிய எம்ஆர்டிஜி இவற்றில் மூத்தது. காக்டி, லிப்ரேஎன்எம்எஸ், ஜாபிக்ஸ் ஆகியவை பின்னால் வந்தவை. ஓரமாகக் கிடக்கும் பழைய கணினியில் லினக்ஸ் போட்டு இவற்றில் ஒன்றை நிறுவினால், ஒரு கடைக்கு அதுவே தாராளம். முடிந்தால் ஐந்து நிமிடத்துக்குப் பதிலாக ஒரு நிமிட இடைவெளி வையுங்கள். சுவிட்ச் மறுபடி இயங்கும்போது சிலவற்றில் போர்ட்டுகளின் உள் எண்கள் மாறிவிடும். மூன்றாம் போர்ட்டின் வரைபடத்தில் நான்காம் போர்ட்டின் கணக்கு விழுந்துகொண்டிருப்பதை நான் ஒரு மாதம் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

எஸ்என்எம்பியை இயக்கும்போது சுவிட்சில் முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கும் 'பப்ளிக்' என்ற சொல்லை அப்படியே விட்டுவிடாதீர்கள். அது கடவுச்சொல் போன்றது, உலகத்துக்கே தெரியும். வேறு சொல் வைத்தாலும், 1, 2சி பதிப்புகளில் அது மறைக்கப்படாமல்தான் கேபிளில் போகும். பதிப்பு 3 இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால், படிக்க மட்டும் அனுமதி கொடுத்து, ஒரே ஒரு கணினியின் முகவரிக்கு மட்டும் திறந்துவையுங்கள்.

எந்த ஊழியர் என்ன பார்க்கிறார் என்பது இதில் தெரியுமா?

தெரியாது. எத்தனை மூட்டை போனது என்று கவுண்டர் சொல்லும், மூட்டைக்குள் என்ன என்று சொல்லாது. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு என்ற அளவில் தெரிய வேண்டுமானால் எஸ்ஃப்ளோ அல்லது நெட்ஃப்ளோ உள்ள சுவிட்ச் வேண்டும். பாக்கெட்டையே பார்க்க வேண்டுமானால், போர்ட் மிரரிங் செய்து (ஒரு போர்ட்டில் போவதன் நகலை இன்னொரு போர்ட்டுக்கு அனுப்பி) வயர்ஷார்க் என்ற மென்பொருளில் பிடிக்க வேண்டும். பிந்தையதை ஊழியர்களிடம் சொல்லாமல் செய்யும்படி கேட்பவர்களுக்கு நான் செய்துகொடுப்பதில்லை.

ஸ்பீடு டெஸ்டில் 96 மெகாபிட், அதே நேரத்தில் போர்ட்டில் 100. எது சரி?

இரண்டும் சரி. ஸ்பீடு டெஸ்ட் உள்ளே இருக்கும் சரக்கை மட்டும் எடை போடுகிறது. சுவிட்ச் சாக்கோடு, அதாவது முகவரி முதலான உறையோடு, சேர்த்து எடை போடுகிறது. 1,518 பைட் ஃபிரேமில் சரக்கு அதிகபட்சம் 1,460 பைட்தான், அதாவது 96 சதவீதம்.

கவுண்டர்களை அவ்வப்போது அழித்துவிடலாமா?

பழுது பார்த்து முடித்தவுடன் அந்த ஒரு போர்ட்டை மட்டும் அழிப்பது நல்லது. பூஜ்யத்திலிருந்து நகர்கிறதா என்று பார்ப்பது எளிது. அதற்கு முன் பழைய எண்ணையும் தேதியையும் ரேக் கதவின் உட்புறம் ஒட்டிய தாளில் எழுதிவிடுங்கள். எழுதாமல் எல்லாப் போர்ட்டையும் ஒரே சொடுக்கில் அழித்துவிட்டு, மறுநாள் என்னை அழைத்து, "எந்தப் போர்ட்டில் பிழை இருந்தது?" என்று கேட்டால், நானும் அன்றிலிருந்து புதிதாகத்தான் காத்திருக்க வேண்டும்.